அரசு மருத்துவமனைக்குத் தரச்சான்று: எதை அளக்கிறார்கள், நோயாளியின் பேச்சுக்கு அதில் என்ன இடம்?

அரசு மருத்துவமனைகளின் பாதுகாப்பையும் தரத்தையும் அளப்பதற்காக மத்திய அரசு 2013-இல் தேசிய தர உறுதித் தரநிலைகளை வகுத்தது. முதலில் மாவட்ட மருத்துவமனைகளுக்காக எழுதப்பட்ட இந்தத் தரநிலைகள், பிறகு வட்ட மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டதால், சேலம் மாவட்டத்தின் ஓமலூர், ஆத்தூர் மருத்துவமனைகளுக்குப் பொருந்துகிற அதே அளவுகோல் ஏற்காடு மலைக் கிராமங்களின் சுகாதார நிலையங்களுக்கும் அவற்றின் நிலைக்கேற்பப் பொருந்துகிறது. பிரசவ அறைக்கும் மகப்பேறு அறுவை அரங்குக்கும் 2017-இல் வந்த லக்‌ஷ்யா திட்டம் தனி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் அதற்குள் அடங்கும்.

கிடைக்கும் சேவைகள், நோயாளியின் உரிமைகள், கட்டடமும் பணியாளரும் கருவிகளும், துணைச் சேவைகள், சிகிச்சை முறை, தொற்றுத் தடுப்பு, தர மேலாண்மை, விளைவுகள் என எட்டுப் பகுதிகளாக மதிப்பீடு நடக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் சரிபார்க்க வேண்டிய சிறு சிறு செய்திகள் பல இருக்கின்றன. முழுமையாக நிறைவேறியிருந்தால் 2, பாதியளவில் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என மதிப்பெண் இடுகிறார்கள். நேரில் பார்ப்பது, பணியாளரிடம் கேட்பது, பதிவேட்டைப் புரட்டுவது, நோயாளியிடம் கேட்பது ஆகிய நான்கு வழிகளில் உண்மை அறியப்படுகிறது. நான்காவது வழியைப் பொதுமக்களில் பெரும்பாலானோர் அறிந்திருக்கவில்லை என்பதே என் கவலை. மதிப்பீட்டாளர் கட்டிலருகே வந்து கேட்கும்போது, நர்ஸ் பக்கத்தில் நிற்கிறாரே என்று "எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க" என்று சொல்லி முடித்துவிட்டால், அந்த வார்டில் இல்லாத வசதிக்கும் மதிப்பெண் விழுந்துவிடக்கூடும்.

மலைப்பகுதியில் இந்த அளவீடு எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தடுப்பூசி வைக்கும் குளிர்பதனப் பெட்டி நல்ல சான்று. பெட்டிக்குள் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்து அதைக் குறித்துவைக்க வேண்டும். காற்று மழையில் மரம் விழுந்து மின்சாரம் நின்றுபோகிற நாளில், தடுப்பூசியை எங்கே மாற்றுவது, யார் மாற்றுவது என்பது அங்குள்ள பணியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதிப்பீட்டாளர் பெட்டியைத் திறந்து பார்ப்பதோடு நிற்பதில்லை. பதிவேட்டையும் பார்ப்பார், பணியாளரிடமும் கேட்பார். ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் காலியாக இருந்தால் அன்று யாரும் பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்கினால்தான் பெரிய மருத்துவமனை என்ற நிலையில் வாழ்கிற ஒரு தாய்க்கு, இந்தச் சிறு குறிப்பேடு ஒழுங்காக இருப்பது பெரிய பாதுகாப்பு.

இந்த மதிப்பீட்டில் தரச்சான்று பெற ஒரு மருத்துவமனை மொத்தத்தில் 70 விழுக்காடாவது எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு துறையும் தனித்தனியாக அந்த அளவை எட்ட வேண்டும். பளபளப்பான புறநோயாளிப் பிரிவு, குறைபாடுள்ள பிரசவ அறையை மறைக்க முடியாது. பணச் செலவு காரணமாக யாருக்கும் சிகிச்சை தடைபடக்கூடாது என்ற தரநிலையும் கட்டாயமாக எட்ட வேண்டியவற்றுள் ஒன்று. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, தேவைப்பட்டால் ரத்தம் எல்லாமே இலவசம். சுகப்பிரசவமானால் மூன்று நாள் வரையும் சிசேரியனானால் ஏழு நாள் வரையும் உணவும் இலவசம். எனவே குழந்தையைக் காட்டவோ தள்ளுவண்டியில் கொண்டுபோகவோ யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அதை மதிப்பீட்டாளரிடமும் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடமும் தயங்காமல் சொல்லலாம்.

சான்று மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அதனுடன் வரும் ஊக்கத்தொகையின் பெரும்பகுதி அந்த மருத்துவமனையின் மேம்பாட்டுக்கே செலவிடப்பட வேண்டும். ஒரு பகுதி பணியாளர்களுக்குப் போகிறது. தூய்மைக்காக 2015 முதல் வழங்கப்படும் காயகல்ப் விருது வேறு; இரண்டையும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது.

தனியார் மருத்துவமனைகளுக்குத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997 பொருந்தும். அதன்படி பதிவு செய்திருக்க வேண்டும். மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியம் (என்.ஏ.பி.எச்.) தரும் அங்கீகாரம் அவர்கள் தாமே விரும்பிப் பெறுவது. மருத்துவ ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை விதி. பணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையில் குறை இருந்தால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்; எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகவே வழங்கப்படும் சிகிச்சைக்கு அந்த வழி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அரசு மருத்துவமனை பற்றிய குறைகளை 104 என்ற சுகாதார உதவி எண்ணிலோ, திங்கட்கிழமைகளில் சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலோ தெரிவிக்க வேண்டும். மனுவில் நாள், நேரம், வார்டு, புறநோயாளிச் சீட்டின் எண் ஆகியவற்றை எழுதி, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.