மார்ச் 31 வரை தள்ளிப்போடும் எம்.ஓ.டி டெஸ்டர்களுக்கு

பிரிட்டனில் வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் கட்டாயச் சோதனைதான் எம்.ஓ.டி. அதைச் செய்யும் டெஸ்டர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் பயிற்சி எடுத்து, அதன்பின் ஒரு தேர்விலும் தேற வேண்டும். இங்கே ஆண்டு என்பது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வட அயர்லாந்தில் அரசு நிலையங்களே சோதனை நடத்துவதால் அங்கு நடைமுறை வேறு. மற்ற இடங்களில் எல்லாம் இந்தச் சோதனையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.வி.எஸ்.ஏ வைத்ததுதான் சட்டம். 2016க்கு முன்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வகுப்பில் போய் உட்கார்ந்தால் போதும். இப்போது பொறுப்பு டெஸ்டரின் தலையில். அதனால்தான் தள்ளிப்போடுகிறார்கள்.

தள்ளிப்போட மார்ச்சை விட மோசமான மாதம் கிடையாது. புதிய நம்பர் பிளேட் வருவது மார்ச்சிலும் செப்டம்பரிலும். மார்ச்சில் விற்ற கார் மூன்று ஆண்டு கழித்து முதல் எம்.ஓ.டிக்கு வருவதும் அதே மாதம்தான். பழைய காலாவதித் தேதியை இழக்காமல் கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்பே சோதித்துக்கொள்ளலாம் என்பதால் பிப்ரவரியிலேயே கூட்டம் தொடங்கிவிடும். சோதனை நடக்கும் பே முழுக்க வண்டி நிற்கும்போது மூன்று மணி நேரம் யாருக்குக் கிடைக்கும்?

மூன்று மணி நேரம் என்றதும் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 3 மணி நேரம், ஐந்தாண்டில் குறைந்தது 16 மணி நேரம் என்பது விதி. ஆண்டுக்குச் சரியாக 3 மணி நேரம் மட்டும் செய்தவரிடம் ஐந்தாம் ஆண்டு முடிவில் 15 மணி நேரம்தான் இருக்கும். ஒரு மணி நேரம் குறையும். ஆகவே ஆண்டுக்கு மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் உள்ள ஏ பிரிவு, கார் உள்ள பி பிரிவு இரண்டிலும் சோதிப்பவர் இரண்டுக்கும் பயிற்சி எடுத்து, இரண்டு தேர்வும் எழுத வேண்டும். பி பிரிவை முடித்துவிட்டு ஏ பிரிவை மறப்பது வழக்கமாக நடக்கும் பிழை.

பயிற்சிக்குக் காசு கொடுத்து வகுப்பில் சேர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்த ஆண்டுக்கான தலைப்புகளை டி.வி.எஸ்.ஏ வெளியிடும், அவற்றைச் சோதனைக் கையேட்டை வைத்து நீங்களே படிக்கலாம், கராஜில் இருவர் சேர்ந்தும் படிக்கலாம். உதாரணமாகத் துருவை எடுத்துக்கொள்வோம். பழைய கார் ஒன்றை ராம்பில் ஏற்றி, சீட் பெல்ட் பொருத்திய இடத்திலிருந்து 30 செ.மீ தூரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு அளந்து பாருங்கள். கோட்டுக்குள் ஓட்டை இருந்தால் ஒரு முடிவு, வெளியே இருந்தால் வேறு முடிவு. தட்டிப் பார்க்கும் கருவியால் சில்லை (கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பகுதியை) தட்டினால் நல்ல தகட்டின் ஓசையும் அரித்த தகட்டின் ஓசையும் காதில் தனித்தனியாக விழும். ஒட்டு வெல்டிங் தொடர்ச்சியாக ஓடுகிறதா, ஃபில்லரும் பெயிண்டும் எதையாவது மறைக்கின்றனவா என்று கையேட்டின் ஏ பின்னிணைப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். இப்படி முக்கால் மணி நேரம் செலவிட்டால் திரையில் ஸ்லைடு தள்ளும் இரண்டு மணி நேரத்தை விட அதிகம் நிற்கும்.

முடித்த அன்றே பதிவேட்டில் எழுதுங்கள். பயிற்சி ஆண்டு, தேதி, எவ்வளவு நேரம், எந்த வாகனப் பிரிவு, என்ன தலைப்பு, எப்படிப் படித்தீர்கள் என்பவை இருக்க வேண்டும். “துரு, 3 மணி நேரம்” என்ற ஒற்றை வரி அதிகாரி கேட்கும்போது கைகொடுக்காது. “பி பிரிவு, மாலை 5.30 முதல் 6.15 வரை, ராம்பில் சில் ஆய்வு, பின்னிணைப்பு ஏ” என்று இருந்தால் மேல்கேள்வி வராது. பதிவேட்டையும் தேர்வுச் சான்றிதழையும் ஐந்தாண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

தேர்வைக் கண்டு பயப்பட ஒன்றும் இல்லை. 30 கேள்வி, 80 சதவீதம், அதாவது 24 சரியாக இருந்தால் தேர்ச்சி. கையேட்டைத் திறந்து பார்த்து எழுதலாம், நேர வரம்பு இல்லை, தவறினால் மறுபடியும் எழுதலாம். இத்தனை இருந்தும் ஏன் தவறுகிறார்கள்? அனுபவசாலிகள் கையேட்டைத் திறப்பதே இல்லை. கால் பிரேக்குக்கு வேண்டிய குறைந்தபட்சத் திறன் 50 சதவீதம் என்று பல ஆண்டுகளாக மனதில் பதிந்திருக்கும். 2010 செப்டம்பர் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த கார்களுக்கு அது 58 என்பது கேள்வியில் உள்ள தேதியைக் கவனித்தால்தான் உறைக்கும். கேள்வியில் வாகன வகுப்பும் முதல் பயன்பாட்டுத் தேதியும் வந்தால் விடை பெரும்பாலும் அவற்றில்தான் தொங்கும். கையேட்டை இன்னொரு சாளரத்தில் திறந்து வைத்துத் தேடுங்கள். தேறியதும் சான்றிதழ் விவரங்களை எம்.ஓ.டி சோதனைச் சேவையில் உங்கள் கணக்கில் ஏற்றுங்கள். தேறிவிட்டோம் என்று இதை விட்டுவிடுபவர்கள் உண்டு.

மார்ச் 31 தாண்டினால் கணக்கு இடைநிறுத்தப்படும். அதன் பிறகு பயிற்சியும் தேர்வும் முடித்தால் மட்டும் போதாது, டி.வி.எஸ்.ஏ அதிகாரியின் முன்னால் முழுச் சோதனை ஒன்றைச் செய்துகாட்டி அதிலும் தேற வேண்டும். அதிகாரி வரும் நாள் உங்கள் கையில் இல்லை. ஒரே டெஸ்டர் உள்ள கராஜில் அதுவரை எம்.ஓ.டி பே மூடித்தான் கிடக்கும். ஒரு காருக்கு வாங்கக்கூடிய அதிகபட்சச் சோதனைக் கட்டணம் 54.85 பவுண்ட், அதை இழப்பதை விடப் பெரிய அடி, அந்த வண்டிகளோடு போகும் ரிப்பேர் வேலை. இந்த நேரத்தில் நீங்கள் சோதித்து இன்னொருவர் பெயரில் முடிவை ஏற்றினால் இருவருக்கும் தொழிலே போகலாம். இடைநிறுத்தத்தை ஐந்தாண்டு அப்படியே விட்டால் டெஸ்டர் தகுதிப் பயிற்சியை முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

கராஜ் உரிமையாளர்கள் அக்டோபரில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை ஒவ்வொரு டெஸ்டரின் பதிவேட்டையும் வாங்கிப் பாருங்கள். பயிற்சியைக் கோடையிலேயே துண்டு துண்டாக முடித்து, தேர்வை நவம்பருக்குள் எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே மார்ச் வந்துவிட்டதா? சனிக்கிழமை பிற்பகலை ஒதுக்கிப் பயிற்சியையும் பதிவேட்டையும் முடியுங்கள், மறுநாளே தேர்வுக்குப் பணம் கட்டி எழுதுங்கள், சான்றிதழ் எண்ணை அன்றிரவே ஏற்றுங்கள். கடைசி நாள் மாலையில் இணையம் தகராறு செய்தால் அதற்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.