சூரியனில் தீ எரியவில்லை

பள்ளிகளுக்குத் தொலைநோக்கியைக் கொண்டுபோய்ச் சூரியனைக் காட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. குழாயில் யாரையும் கண் வைக்க விடமாட்டேன். பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழ வைப்பேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம், ஓரத்தில் ஒன்றிரண்டு கரும்புள்ளிகள். "சார், அது கருகிப்போன இடமா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். கருகவும் இல்லை, எரியவும் இல்லை.

"விண்வெளியில்தான் காற்றே இல்லையே, எப்படி எரியும்?" என்று பிள்ளைகள் மடக்குவது நியாயம்தான். 19ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகளும் இதில் திணறினார்கள். சூரியன் முழுக்க நிலக்கரியாக இருந்தாலும் சில ஆயிரம் ஆண்டுகளில் தீர்ந்துபோகும். தன் எடையால் சுருங்கியே அது சூடாகிறது என்று கணக்குப் போட்ட இயற்பியலாளர் கெல்வினுக்கும் சில கோடி ஆண்டுகளுக்கு மேல் தேறவில்லை. நம் பூமிக்கோ வயது 450 கோடி ஆண்டு. ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதே காரணமாக இருக்கலாம் என்று 1920இல் வானியலாளர் எடிங்டன் சொன்னார். அது எப்படி நடக்கிறது என்பதை 1930களின் கடைசியில் இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே படிப்படியாக விளக்கினார்.

நான்கு ஹைட்ரஜன் கருக்கள் இணைந்து ஒரு ஹீலியம் கரு ஆகும்போது நிறையில் சுமார் 0.7 சதவீதம் குறைகிறது. குறைந்தது ஆற்றலாக வெளிவருகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இப்படி மாறி, அதில் 40 லட்சம் டன் ஆற்றலாகிவிடுகிறது.

இதைக் கேட்டதும் பலரும் சூரியனை ஓயாமல் வெடிக்கும் ஹைட்ரஜன் குண்டாக நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லாத உவமை அது. வெப்பம் 1.5 கோடி டிகிரியைத் தொடும் நடுமையத்திலேயே ஒரு கனமீட்டர் தருவது ஏறக்குறைய 300 வாட்தான். பழைய குண்டு பல்பு மூன்று. அதே கன அளவுக்குக் கணக்குப் பார்த்தால் நம் உடம்பு இதைவிட அதிக வெப்பம் தரும்! அங்கே ஒரு புரோட்டான், அதாவது ஒரு ஹைட்ரஜன் கரு, இன்னொன்றோடு இணையச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வேலை அத்தனை மெதுவாக நடப்பதால்தான் எரிபொருள் இவ்வளவு காலம் வருகிறது. வேகம் கொஞ்சம் கூடினாலும் மையம் விரிந்து, குளிர்ந்து, பழைய நிலைக்கே வந்துவிடும்.

அங்கே பிறக்கும் ஆற்றல் முட்டிமோதி மேலே வர லட்சம் ஆண்டு அளவில் ஆகிறது. அப்புறம் சுமார் 5,500 டிகிரியில் இருக்கும் மேற்பரப்பு அதை ஒளியாகவும் வெப்பமாகவும் வீச, எட்டே நிமிடத்தில் நம்மிடம் வந்து சேர்கிறது. கரும்புள்ளி என்பது அந்தப் பரப்பில் ஆயிரம், இரண்டாயிரம் டிகிரி குறைந்த இடம். தனியாகப் பார்த்தால் அதுவும் கண் கூசும். திருவாதிரை நட்சத்திரம் சிவப்பாகத் தெரிவதும் அதன் மேற்பரப்பு சூரியனைவிடக் குளிர்ந்திருப்பதால்தான்.

கிரகணத்தின்போது நினைவில் வைக்க வேண்டியதும் இந்த மேற்பரப்பின் வெப்பத்தைத்தான். முக்கால்வாசி மறைந்துவிட்டால் வெயில் குறைந்து, பார்த்தால் ஒன்றும் ஆகாது என்று தோன்றும். ஆனால் மிச்சமிருக்கும் பிறையும் அதே 5,500 டிகிரிப் பரப்புதான். அதன் பிம்பம் விழும் இடத்தில் விழித்திரை அதே வீரியத்தோடு அடிவாங்கும். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் சுதாரித்துக்கொள்ளவும் வழியில்லை. கூலிங்கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம் எதுவும் வேண்டாம். ஐஎஸ்ஓ 12312-2 தரச் சான்றுள்ள கிரகணக் கண்ணாடி போதும். கீறல் விழுந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு வேப்பமரத்தடிக்குப் போய்த் தரையைப் பாருங்கள். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவாகி, நிழலெங்கும் குட்டிக்குட்டிப் பிறைகளாக விழுந்து கிடக்கும்.