முழங்காலுக்குக் கீழே நான்கு அறைகள்

நாற்காலியில் உட்கார்ந்தபடி குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தை மட்டும் தூக்குங்கள். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பை ஒட்டி வெளிப்புறமாக விரலை வையுங்கள். ஒரு சதை கல்லாக இறுகும். அழுத்தினாலும் விலகிக் கொடுக்காது. அது உறை போட்ட சதை.

தோலுக்கடியில் காலைச் சுற்றி ஃபேசியா என்ற கெட்டியான நார்ப்படலம் இருக்கிறது. அதிலிருந்து உள்ளே போகும் தடுப்புகளும், டிபியா, ஃபிபுலா என்ற இரண்டு எலும்புகளும், அவற்றை இணைக்கும் சவ்வும் சேர்ந்து சதைகளை நான்கு அறைகளாகப் பிரிக்கின்றன. நீங்கள் தொட்டது முன்னறை. அது பாதத்தைத் தூக்காவிட்டால் நடக்கும்போது கால்நுனி தரையில் இடறும். வெளிப்பக்க அறையில் இரண்டே சதைகள். பாதத்தை வெளிப்புறம் திருப்புபவை. பின்னால் ஆழத்தில் இருப்பவை விரல்களை மடக்கும், உள்ளங்கால் வளைவைத் தாங்கும்.

நாம் கெண்டைக்கால் என்பது நான்காவது அறையை. மேலே கேஸ்ட்ரோக்னீமியஸ், அதற்கடியில் சோலியஸ். நம் சொல்லில் கெண்டை மீன் இருக்கிறது. சோலியஸ் பிறந்த லத்தீன் சொல்லுக்கும் செருப்பு, தட்டைமீன் என்று இரண்டு பொருள். இரு சதைகளும் கீழே சேர்ந்து குதிகால் நாணாகின்றன. கேஸ்ட்ரோக்னீமியஸ் தொடையெலும்பில் தொடங்குவதால் முழங்காலை மடக்கினால் தொய்ந்துவிடும். உட்கார்ந்து குதிகாலைத் தூக்கும்போது பாரம் பெரும்பாலும் சோலியஸ் மேல்தான்.

உறை எதற்கு? சுருங்கும் சதை வெளியே பிதுங்க முடியாததால் நடுவில் ஓடும் சிரைகளைப் பிழிகிறது. சிரைக்குள் உள்ள வால்வுகள் ரத்தத்தை மேல்நோக்கி மட்டுமே விடும். அசையாமல் நெடுநேரம் நின்றால் கால் வீங்குவதற்கு இந்தப் பம்பு ஓடாததும் ஒரு காரணம்.

வில்லங்கமும் இதே உறையால்தான். டிபியா முறிந்து உள்ளே ரத்தம் கசிந்தாலோ சதை வீங்கினாலோ அறை விரியாது, அழுத்தம்தான் ஏறும். சாதாரணமாக அது 10 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும். ரத்த அழுத்தம் 120/70 உள்ள ஒருவருக்கு அறைக்குள் 45 ஆகிவிட்டது என்று வையுங்கள். 70க்கும் 45க்கும் இடைவெளி 25தான். இந்த இடைவெளி 30க்குக் கீழே போனாலே ஆபத்து. மயிரிழை ரத்தக்குழாய்கள் நசுங்கி, சதைக்கு ஆக்சிஜன் போகாது. ஆனால் தமனியில் 120 இருக்கிறதே, பாதத்தில் நாடி ஜோராகத் துடிக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். நாடி இருக்கிறது, அப்புறம் என்ன என்று விட்டுவிடக் கூடாது.

நம்ப வேண்டியது வலியை. அடிக்குப் பொருந்தாத வலி, மாத்திரைக்கு அடங்காத வலி. கால் விரலை அடுத்தவர் மெல்ல வளைத்தாலே நோயாளி அலறுவார். முன்னறையில் சிக்கல் என்றால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மரத்துப்போகலாம். மாவுக்கட்டோ நாட்டுக்கட்டோ, இறுக்கிப் போட்டதாலும் அறைக்குள் இப்படி அழுத்தம் ஏறும். உடனே ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரிக்க வேண்டும். வீங்கிய காலுக்குத் தலையணை வைக்கும் வழக்கமும் இங்கே உதவாது. உயரத் தூக்கினால் ஏற்கெனவே குறைந்த ரத்த ஓட்டம் இன்னும் குறையும். இதய மட்டத்தில் வைத்தால் போதும்.

சுமார் 6 மணி நேரம் தாண்டினால் சதை மீளாமல் போகலாம். அதனால் அறுவை மருத்துவர் காலின் இருபுறமும் நீளமாகக் கீறி நான்கு அறைகளையும் திறந்துவிடுவார். அடைபட்ட சதை பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். அந்தக் காயத்தை அன்றைக்கே தைக்க மாட்டார்கள். வீக்கம் வடியச் சில நாள் விட்டு, பிறகு மூடுவார்கள். தோல் எட்டவில்லை என்றால் தொடையிலிருந்து எடுத்து ஒட்டுவார்கள்.