செர்ரித் தீநீர்

பிளாக் ஃபாரஸ்ட் கேக்கை நம் ஊர் பேக்கரிகளில் பலரும் சுவைத்திருப்போம். தென்மேற்கு ஜெர்மனியில் கருங்காடு எனப் பொருள்படும் மலைப்பகுதியின் பெயரைத் தாங்கிய அந்தக் கேக்கில், ஜெர்மானிய மரபுப்படி கிர்ஷ்வாசர் என்னும் மது மணக்க வேண்டும். கிர்ஷ் என்பது செர்ரி. வாசர் என்பது தண்ணீர். தண்ணீர் என்ற பெயர் இருந்தாலும், ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இதில் ஆல்கஹால் 37.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

செர்ரிப் பழங்களை மசித்து ஊறல் போட்டால், ஈஸ்ட் அவற்றின் சர்க்கரையை எத்தனால் என்னும் ஆல்கஹாலாக மாற்றுகிறது. எத்தனாலின் கொதிநிலை சுமார் 78 டிகிரி செல்சியஸ், நீரின் கொதிநிலை 100 டிகிரி என்பதால், ஊறலைச் செப்பு வாலையில், அதாவது ஆவியைக் குளிர்வித்து வடிக்கும் கலத்தில், காய்ச்சும்போது எழும் ஆவியில் எத்தனால் செறிந்திருக்கும். பழத்தின் நிறமியும் சர்க்கரையும் ஆவியாவதில்லை. ஆகவேதான் செக்கச்சிவந்த பழத்திலிருந்து, இனிப்பே இல்லாத, பளிங்கு போன்ற திரவம் வடிகிறது.

இதன் மணத்தில் கொட்டைக்கும் பங்குண்டு. செர்ரிப் பருப்பிலுள்ள அமிக்டலின் சிதையும்போது பாதாம் வாசனை தரும் பென்சால்டிஹைடும், கூடவே நச்சான ஹைட்ரஜன் சயனைடும் உண்டாகின்றன. அந்தச் சயனைடிலிருந்து எத்தில் கார்பமேட் என்ற தீங்கான சேர்மம் உருவாகக்கூடும் என்பதால், கொட்டைகள் அதிகம் உடையாதபடி பழத்தை மசிப்பது இத்தொழிலின் முக்கியமான கவனம்.

ஜெர்மானியர் பெயரிடுவதில் காட்டும் நுட்பம் என்னை வியக்க வைக்கிறது. பழமே ஊறிப் புளித்து வடிந்தால் அது ‘வாசர்’. சர்க்கரை குறைந்த ராஸ்ப்பெர்ரி போன்றவற்றை ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்தால் அது ‘கைஸ்ட்’, அதாவது ஆன்மா என்ற பொருளில் ஆவி.

‘செர்ரி பிராந்தி’ என்ற பெயரில் இந்தத் தெளிவு இல்லை. பிராந்தி, டச்சு மொழியின் ‘பிராண்டவெயின்’ என்பதிலிருந்து வந்தது. எரித்த திராட்சை மது என்பது அதன் பொருள். எரித்தது என்றால் நெருப்பில் காய்ச்சி வடித்தது. ஆனால் செர்ரி பிராந்தி என்று பெரும்பாலும் விற்கப்படுவது, முன்பே வடித்த மதுவில் செர்ரியை ஊறவைத்துச் சர்க்கரை சேர்த்த, சிவந்த இனிப்பு மதுவே. கோபன்ஹேகனில் 1818-இல் தொடங்கிய ஹீரிங் நிறுவனத்தின் பானம் இவ்வகையில் புகழ்பெற்றது.

சித்த மருத்துவத்தில் வாலையில் வடித்த மருந்தைத் தீநீர் என்பர். டச்சுச் சொல்லின் தீயும் ஜெர்மன் சொல்லின் நீரும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. கிர்ஷ்வாசரைச் செர்ரித் தீநீர் என்று தமிழில் தயங்காமல் சொல்லலாம், செர்ரி பிராந்தியை அப்படிச் சொல்ல முடியாது.