மூடிய கேஸை ஐந்து முறை பார்ப்பது ஏன்?

படுக்கும் முன் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடியாயிற்று. கண் பார்த்தது, கை உணர்ந்தது, வாடையும் இல்லை. கசிந்தால் நாற வேண்டும் என்றுதான் சமையல் கேஸில் மெர்காப்டன் சேர்க்கிறார்கள். ஆனாலும் ஓ.சி.டி. (வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கச் செய்யும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோய்) உள்ளவர் மறுபடி எழுந்து போவார்.

ஏன் என்று கேட்டால் காரணங்கள் கோர்வையாக வரும். டியூபில் விரிசல் விட்டிருக்கலாம், பேப்பரில் விபத்துச் செய்தி வந்ததே, எனக்கு மறதி வேறு. எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒன்றுகூட இன்று அந்த அடுப்படியில் கண்டதல்ல. மான்ட்ரியலில் கியரன் ஓ'கானர் குழுவினர் உருவாக்கிய சிகிச்சைமுறை இந்த இடத்தைத்தான் பிடிக்கிறது: புலன் சொன்னதைத் தள்ளிவிட்டு, 'இருக்கலாம்' என்பதை 'இருக்கிறது' என்று எடுத்துக்கொள்வது. "கொஞ்சம் யோசிச்சுப் பாரு" என்ற அறிவுரை பலிக்காததும் இதனால்தான். யோசனைக்கு அங்கே பஞ்சமே இல்லை.

அதே ஆள் சாலையைக் கடக்கும்போது வண்டி வரவில்லை என்று கண் சொன்னதை நம்பிப் போய்விடுகிறார். கேஸில் மட்டும் ஏன் சிக்குகிறார்? 'என் அலட்சியத்தால் குடும்பம் அழிந்துவிடும், நான் அப்படிப்பட்டவன்' என்ற பயம் அடியில் இருக்கிறது. தான் எப்படிப்பட்டவராகிவிடக் கூடாது என்று ஒருவர் அஞ்சுகிறாரோ, அதைச் சுற்றியே சந்தேகம் முளைக்கும். குழந்தையைக் கத்தியால் குத்திவிடுவேனோ என்ற எண்ணம் நோயில்லாத தாய்க்கும் வந்து போகும். 'எனக்குள் கொடூரம் ஒளிந்திருக்கிறதோ' என்று அஞ்சுபவளோ கத்தியையே ஒளித்து வைப்பாள். (அவள் பதறுவதே அது அவள் இயல்புக்கு எதிரானது என்பதால்தான். ஆனால் பிரசவத்துக்குப் பின் குரல்கள் கேட்டாலோ, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை வந்தாலோ அது வேறு நோய். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.)

திரும்பத் திரும்பப் பார்ப்பது சந்தேகத்தைத் தீர்க்காது. வான் டென் ஹவுட், கின்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், நோயில்லாதவர்களைக் கணினித் திரையில் கேஸ் அடுப்பைப் பலமுறை சரிபார்க்க வைத்தார்கள். நினைவின் துல்லியம் குறையவில்லை. அதன் மேல் இருந்த நம்பிக்கைதான் குறைந்தது.

ஓ'கானர் வழிச் சிகிச்சையில் சந்தேகத்தையும் அதன் காரணங்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே 'இப்போது, இங்கே, நானே கண்டதா?' என்று குறிக்கச் சொல்வோம். அந்தப் பத்தி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். பிறகு ஒரே முறை பார்த்து நகர வேண்டும். இந்தத் தாளையே தினம் பத்து முறை நிரப்ப ஆரம்பித்தால் அதுவும் சடங்காகிவிடும். மூடிய ரெகுலேட்டரை போனில் படமெடுத்து வைப்பதும், "மூடியாச்சு"ன்னு வீட்டார் ஓயாமல் சொல்வதும் அதே கணக்குதான்.

பயந்ததை எதிர்கொண்டு சடங்கைச் செய்யாமல் இருக்கும் பயிற்சிக்கே இன்றும் ஆதாரம் அதிகம். அதற்கு ஒப்பாதவர்களுக்கு மேலே சொன்ன ஓ'கானர் முறை நல்ல மாற்று. மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தின் மீது செயல்படும் மாத்திரைகளும் உதவும். போதுமான அளவில் 8 முதல் 12 வாரம் எடுத்த பிறகே பலனைக் கணிக்க முடியும், பாதியில் நிறுத்தக் கூடாது. இந்த எண்ணங்களிலும் சடங்குகளிலுமே தினம் 1 மணி நேரத்துக்கு மேல் போகிறதென்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.