லே-அவுட் வேறு, வடிவமைப்பு வேறு

"புதிய தளவமைப்புடன் வெளிவருகிறது நாளிதழ்" என்று ஒரு வரி. அதே கட்டுரையில் நாலு வரி தள்ளி, "இன்றைய முதல் பக்கத்தை இரவு ஒரு மணிக்கு வடிவமைத்து முடித்தார்கள்" என்று இன்னொரு வரி. லே-அவுட்டைத் தளவமைப்பு என்றும் டிசைனை வடிவமைப்பு என்றும் தமிழாக்குகிறார்கள். இங்கே இரண்டு சொல்லும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. முதல் வரியில் வர வேண்டியது வடிவமைப்பு. இரண்டாவது வரியில் வரக் கூடாததும் அதுதான். ஒரு முறை என்றால் கைத்தவறு என்று விட்டுவிடலாம். இதழியல் பாடத்திலும் மொழிபெயர்ப்புகளிலும் திரும்பத் திரும்ப இதே குழப்பம் வருவதால், லே-அவுட் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

வேரில் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. லே என்றால் கிடத்து, வை. அவுட் என்றால் வெளியே, விரித்து. துணியைத் தரையில் விரித்துப் போடுவதும், பிணத்தைக் கூடத்தில் கிடத்துவதும் ஆங்கிலத்தில் இதே வினைதான். பெயர்ச்சொல்லாக அது புழங்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். டிசைன் வேறு வழியில் வந்தது. லத்தீனில் குறி என்று பொருள்படும் சொல்லிலிருந்து, குறித்துக் காட்டு, வரைந்து காட்டு என்று வளர்ந்தது. ஒன்று, இருப்பதைப் பரப்பி வைப்பது. மற்றது, இல்லாததற்கு முன்கூட்டியே உருவம் குறிப்பது. அகராதி சொல்வது இவ்வளவே. மீதி எல்லாம் தொழிலில் இருக்கிறது.

நாளிதழில் வடிவமைப்பு என்பது எப்போதாவது ஒரு முறை நடப்பது. தாளின் அளவு, எத்தனை காலம் (எழுத்து இறங்கும் நெடுக்கை), காலத்துக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, உடல் எழுத்து (செய்தி ஓடும் எழுத்து) எது, தலைப்பு எழுத்து எது, இதழின் பெயர் எப்படி இருக்கும், பெட்டிச் செய்திக்குக் கோடு உண்டா நிறம் உண்டா என்று தீர்மானித்து, அதை ஒரு விதி ஏடாக எழுதி வைப்பது. லண்டன் டைம்ஸ் 1932 அக்டோபர் 3 அன்று டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துக்கு மாறியது வடிவமைப்பு. முதல் பக்கம் முழுக்க வரி விளம்பரமாக இருந்த அதே இதழ் 1966 மே 3 அன்று அங்கே செய்தியைக் கொண்டுவந்ததும் வடிவமைப்பு. பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் 2005 செப்டம்பர் 12 அன்று பெர்லினர் என்ற நடுத்தர அளவுக்குப் போனது, பிறகு 2018 ஜனவரி 15 அன்று டேப்ளாய்டு என்ற சிறிய அளவுக்குச் சுருங்கியது. இடைப்பட்ட பன்னிரண்டு சொச்சம் ஆண்டில் ஞாயிறு நீங்கலாக வாரத்துக்கு 6 இதழ் என்று கணக்குப் போட்டால் 3,800ஐத் தாண்டும். அளவு ஒன்று, இதழ்கள் 3,800. அத்தனை இதழிலும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு இரவும் ஒருவர் உட்கார்ந்து செய்த வேலைதான் லே-அவுட். அதையும் வடிவமைப்பு என்று சொல்லிவிட்டால், 2005இல் நடந்ததைச் சொல்ல எந்தச் சொல் மிஞ்சும்?

(காலம் என்றதும் நேரம் என்று எண்ண வேண்டாம். பக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கும் எழுத்து நெடுக்கைக்குச் செய்தி மேசையில் காலம் என்றுதான் பெயர். நாலு காலம் செய்தி, எட்டு காலம் தலைப்பு. பத்தி என்று எழுதச் சொல்கிறார்கள். பாராவுக்கும் பத்தி, தொடராக எழுதும் கருத்துக் கட்டுரைக்கும் பத்தி, இதற்கும் பத்தி என்றால் "மூன்றாவது பத்தியை வெட்டு" என்ற கட்டளைக்கு எதை வெட்டுவது? இந்த இடத்தில் கடன் சொல்லே மேல்.)

லே-அவுட் எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் அதற்கு என்ன பெயர் பொருந்தும் என்று தெரியும். அச்சுப் பரப்பு 33 செ.மீ. அகலம், 52 செ.மீ. உயரம், 8 காலம், இடைவெளி 4 மி.மீ. என்று ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஏழு இடைவெளிக்கு 28 மி.மீ. போனால் மீதி 302. ஒரு காலத்துக்குக் கிட்டத்தட்ட 38 மி.மீ. பக்கம் கைக்கு வரும்போதே விளம்பரம் அடியில் ஏறியிருக்கும். எட்டு காலத்துக்கு 25 செ.மீ. விளம்பரம் என்றால் மேலே 27 செ.மீ. நாள், பக்க எண் வரிக்கு 2 செ.மீ. கழித்தால் 25. எட்டால் பெருக்கினால் 200 காலம் செ.மீ. அன்றைக்கு அந்தப் பக்கத்துக்கு உள்ள மொத்தச் சொத்தே அதுதான்.

இனி செய்தி. 10 பாயிண்ட் எழுத்து, 12.5 பாயிண்ட் வரியடி. பாயிண்ட் என்பது எழுத்தை அளக்கும் அலகு, வரியடி என்பது ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள தூரம். அதைவிட நெருக்கினால் மேல் வரியில் இறங்கும் 'ழு', 'சு' வால்கள் கீழ் வரியில் ஏறும் 'மீ', 'லீ' சுழியில் போய் உரசும். தமிழுக்கு ஆங்கில அளவிலேயே வரியடி வைப்பவர்கள் முதலில் இடறும் இடம் இது. இந்தக் கணக்கில் ஒரு செ.மீ.க்கு இரண்டே கால் வரி போல வரும். 38 மி.மீ. அகலத்தில் வரிக்குச் சராசரி இரண்டரைச் சொல். ஆக 300 சொல் செய்திக்கு 120 வரி, அதாவது 53 செ.மீ. நாலு காலமாகப் பிரித்தால் காலத்துக்கு 30 வரி, 13 செ.மீ.க்குச் சற்று மேல். இரண்டு வரித் தலைப்புக்கு 4 செ.மீ., நாலு காலப் படம் 8 செ.மீ. சேர்ந்தால் 25 செ.மீ. நிறைந்துவிடும். பாதிப் பக்கம் முடிந்தது. மற்ற நாலு காலத்தில் மூன்று செய்தி போக வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்கும். பக்கத்துச் செய்தியின் தலைப்பும் இதே உயரத்தில் இதே பருமனில் வந்தால், வாசகர் இரண்டையும் சேர்த்து ஒரே வரியாகப் படித்துவிடுவார். விருது வாங்கியவரின் படம் மோசடிச் செய்தியின் தோளோடு தோள் நின்றால் அவர்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொள்வார்கள். மறுநாள் திருத்தம் போட வேண்டிவரும். விமான விபத்துக்கு அடியில் விமான நிறுவன விளம்பரம் விழும். படத்தில் இருப்பவர் தன் செய்தியைப் பார்க்காமல் பக்கத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். "நிறுத்திவைக்கப்பட்டிருந்ததாக" என்ற ஒரே சொல், 16 எழுத்து, 38 மி.மீ. வரியை முழுக்க விழுங்கிவிடும். அதற்கு முந்தைய வரியில் இரண்டே சொல் மிஞ்சி, இரு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்ற விதிக்காக ஆளுக்கொரு மூலையில் போய் நிற்கும். சொல்லை உடைக்கலாம், தமிழில் அதற்கு இணைப்புக் கோடு வேண்டாம். ஆனால் அடுத்த வரி 'க்', 'ப்' என்று புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது, கொம்பு ஒரு வரியிலும் அதன் எழுத்து மறுவரியிலும் போகக் கூடாது. மென்பொருள் இதைத் தானாகக் கவனிக்கும் என்று நம்பியிருந்தால் காலையில் 'ப்பட்டது' என்று தொடங்கும் வரியை ஊரே படிக்கும்.

செய்தி மூன்று வரி கூடிவிட்டது என்று வையுங்கள். அடியிலிருந்து வெட்டுவது முறை. முக்கியமானது மேலே இருக்கும்படி செய்தி எழுதுவதே அதற்காகத்தான். இரண்டு வரி குறைந்தால் படத்தைக் கொஞ்சம் இறக்கலாம், துணுக்கு ஒன்றைச் செருகலாம். சிலர் குறுக்கு வழியாக வரியடியை 0.2 பாயிண்ட் கூட்டி இழுத்துவிடுவார்கள். காலத்துக்கு 30 வரி என்றால் 6 பாயிண்ட், அரை வரி. நாலு காலத்துக்கும் சேர்த்து இரண்டு வரி போல ஆகிவிடும். இடைவெளி அடைபட்டது, ஆனால் இந்தச் செய்தியின் வரிகளும் பக்கத்துச் செய்தியின் வரிகளும் ஒரே கோட்டில் நிற்காமல் படி ஏறி இறங்கும். இரண்டு வேலைக்கும் நடுவே உள்ள எல்லை இந்த அரை வரியில் தெரிகிறது. வெட்டியதும் படத்தை இறக்கியதும் லே-அவுட். வரியடியில் கை வைத்தது வடிவமைப்பில் கை வைத்தது. அதற்கு அந்த மேசைக்கு அதிகாரமில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் "வடிவமைப்பை மாற்றாதே" என்று ஆசிரியர் சொல்வதை எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வது?

அடுத்து தளவமைப்பு. இது செய்தி மேசையில் பிறந்த சொல்லே கிடையாது. மென்பொருள் பட்டியல்களின் தமிழாக்கத்திலிருந்து இறங்கி வந்தது. விசைப்பலகைக்கும் தளவமைப்பு, கைப்பேசித் திரைக்கும் தளவமைப்பு, பக்கத்துக்கும் தளவமைப்பு. தளம் + அமைப்பு, தளவமைப்பு. புணர்ச்சியில் பிழை சொல்ல முடியாது. பொருளில்தான் ஓட்டை. தளம் என்றால் நமக்குத் தரைத்தளம், மொட்டைத் தளம், இப்போது வலைத்தளம். "நாளிதழின் தளவமைப்பு" என்று படிக்கிறவர் அலுவலகத்தின் மாடித் திட்டத்தை நினைப்பார், இல்லையென்றால் இதழின் இணையதளம் கட்டப்படுவதாக நினைப்பார். பின்பாதியான அமைப்பு அதைவிட நைந்துபோன சொல். சங்கமும் அமைப்பு, உடற்கூறும் அமைப்பு, கைப்பேசியின் செட்டிங்ஸும் அமைப்பு. தேய்ந்த இரண்டு சொல்லை ஒட்டினால் புதுச் சொல் ஆகிவிடாது.

இலங்கைப் பாடநூல்களில் தளக்கோலம் என்று காணலாம். முன்பாதி அதே தளம்தான் என்றாலும் கோலத்தைக் கொண்டுவந்தவருக்குக் கண் இருந்திருக்கிறது. புள்ளி வைப்பது வடிவமைப்பு, அந்தப் புள்ளிகளுக்குள் இழை ஓட்டுவது லே-அவுட் என்று இந்த ஒரு சொல்லை வைத்தே பாடம் நடத்திவிடலாம். ஆனால் வினையில் மாட்டிக்கொள்கிறது. "ஆறாம் பக்கத்தைத் தளக்கோலமிட்டாயிற்றா?" என்று இரவு பன்னிரண்டு மணிக்கு யார் கேட்பார்கள்? தொழிற்சொல் என்றால் ஏவலாக, கேள்வியாக, செய்பவரின் பெயராக உடனே திரும்பிக் கொடுக்க வேண்டும். பெயர்ச்சொல்லை மட்டும் உண்டாக்கி நிறுத்திக்கொள்வது நம் கலைச்சொல்லாக்கத்தின் நெடுநாள் நோய். பட்டியலில் அழகாக நிற்கும், வாயில் வராது.

வாயில் வரும் சொல் ஈய எழுத்துக் காலத்திலேயே இருந்தது: பக்கம் கட்டுதல். எழுத்தெழுத்தாக எடுத்து வரியாக்குவது அச்சுக் கோத்தல். கோத்த வரிகளைப் பக்கமாகச் சேர்த்து, தலைப்பும் படக்கட்டையும் கோடும் வைத்து, சிதறாமல் நூலால் சுற்றி முடிந்து இரும்புச் சட்டத்துக்குள் இறுக்குவது பக்கம் கட்டுதல். கோத்தல் வேறு கட்டுதல் வேறு என்று அன்றைக்கே பிரித்து வைத்திருக்கிறார்கள். மாலை கட்டுகிறோம், வீடு கட்டுகிறோம், மெட்டுக் கட்டுகிறோம். கையில் இருக்கும் பல துண்டுகளை ஒரு ஒழுங்கில் சேர்த்து ஒன்றாக்குவதுதான் கட்டு என்பதன் உயிர். 200 காலம் செ.மீ.க்குள் நாலு செய்தியை உட்கார வைப்பதும் அதேதான். பெயராக்கினால் பக்கக்கட்டு. செய்பவர் பக்கக்கட்டாளர். "பக்கம் கட்டியாச்சா?" என்று கேட்டால் யாருக்கும் அகராதி வேண்டாம்.

நூல் கட்டும் காலம் போய்விட்டதே என்பார்கள். போகட்டும். ஆங்கிலத்தில் வரிகளுக்கு நடுவேயுள்ள இடைவெளிக்கு இன்றும் பெயர் லெடிங். ஒரு காலத்தில் அங்கே செருகிய ஈயத் தகட்டின் நினைவு அது. கணினித் திரையில் ஈயம் எங்கே இருக்கிறது? அவர்கள் அதை மாற்ற அவசரப்படவில்லை. நாம் மட்டும் அச்சுக்கூடத்தின் நல்ல சொற்களைப் பழைய இரும்போடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டு, பட்டியலிலிருந்து புதுச் சொல் கேட்டு நிற்கிறோம்.

புத்தகக் கட்டு என்றால் பைண்டிங்தானே, குழம்பாதா என்றும் கேட்பதுண்டு. குழம்பாது. புத்தகத்தைக் கட்டுவது வேறு, பக்கத்தைக் கட்டுவது வேறு. முன்னால் நிற்கும் சொல் காப்பாற்றிவிடும்.

பக்கக்கட்டு எல்லா லே-அவுட்டுக்கும் பொருந்தாது என்பதும் உண்மை, பொருந்தவும் வேண்டாம். வீட்டு மனைகளுக்கு மனைப்பிரிவு என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. விசைப்பலகைக்கு விசை வரிசை போதும். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எங்கும் ஒரே தமிழ்ச் சொல் என்று அட்டவணை போடுகிறவர்களால்தான் தளவமைப்பு மாதிரிச் சொற்கள் எல்லா வாசலிலும் வந்து நிற்கின்றன. அவர்களுக்கு வேலை சுளுவாகிறது. படிப்பவருக்கு எதுவும் விளங்குவதில்லை.

இணையப் பக்கத்துக்கும் பக்கக்கட்டு சரிவராது. அங்கே திரையின் அகலத்துக்கு ஏற்ப எழுத்து தானே ஒழுகி இடம் பிடிக்கிறது. மூன்று காலமாக இருந்தது கைப்பேசியில் ஒரே காலமாகிவிடும். யாரும் இறுக்கிக் கட்டுவதில்லை. ஆனால் மின்னிதழ் என்று அச்சுப் பக்கத்தை அப்படியே திரையில் காட்டுகிறார்களே, அது இரவு மேசையில் கட்டிய அதே பக்கம்தான். பெரிதாக்கிப் பார்த்தால் 0.2 பாயிண்ட் இழுத்ததுகூடத் தெரியும்.