ஐயோனோவுக்கு இடம் கொடுக்கலாமா?

ரம்மி ஆடியவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் சட்டென்று புரியும். கை கிட்டத்தட்ட சேர்ந்துவிட்டது, ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து எதிரில் இருப்பவர் உங்கள் கைச்சீட்டை மொத்தமாக வாங்கிக் கட்டுக்கு அடியில் செருகிவிட்டு, "இந்தா, ஒண்ணு எடுத்துக்கோ" என்கிறார். ரம்மியில் இப்படிச் செய்தால் அடிதடிதான். போக்கிமான் கார்டு ஆட்டத்தில் இது விதிப்படியே சரி, அதற்கென்றே கார்டுகள் உண்டு. 2023இல் வந்த ஐயோனோ அவற்றில் ஒன்று. (பெயர்ப் பொருத்தம் தமிழில் இன்னும் பிரமாதம்: எதிராளி அதை மேசையில் வைக்கும்போது நம் வாயில் வருவது முதல் இரண்டு எழுத்துதான்.)

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு டெக்கில் சரியாக 60 கார்டு. அடிப்படை எனர்ஜி (போக்கிமான் தாக்கத் தேவையான சக்திக் கார்டு) தவிர, ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது. தொடக்கத்தில் 7 கார்டு கையில். இன்னொரு 6 கார்டு 'பிரைஸ்' என்று கவிழ்த்து ஒதுக்கப்படும். எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது உங்கள் பிரைஸிலிருந்து எடுப்பீர்கள், ஆறையும் எடுத்து முடித்தால் வெற்றி. ஐயோனோ போட்டால் இருவரும் தங்கள் கையைக் கலைத்து டெக்கின் அடியில் வைத்துவிட்டு, தங்களுக்கு எத்தனை பிரைஸ் மிச்சமோ அத்தனை கார்டு எடுக்க வேண்டும்.

சூட்சுமம் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. ஆட்டம் தொடங்கியதுமே போட்டால் எதிராளிக்கு ஆறு புதுக் கார்டு. வலியப் போய் விருந்து வைப்பது மாதிரி. அவர் ஜெயிக்கப் போகும் நேரத்தில் போட்டால் ஒன்றே ஒன்று.

அந்த நேரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். எதிராளிக்கு 1 பிரைஸ் பாக்கி, எனக்கு 4. அவர் கையில் 7 கார்டு. என் பெஞ்சில், அதாவது முன்னால் நின்று சண்டை போடும் போக்கிமானுக்குப் பின்னே காத்திருக்கும் வரிசையில், அடிபட்ட போக்கிமான் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதை முன்னால் இழுத்து வர 'பாஸஸ் ஆர்டர்ஸ்' என்ற கார்டு போதும், அது அவர் கையில் இருக்கிறது. அடுத்த முறை கதை முடிந்தது. ஐயோனோ போடுகிறேன். எனக்கு 4 கார்டு, அவருக்கு 1. தன் முறை தொடங்கும்போது வழக்கமாக எடுக்கும் ஒன்றையும் சேர்த்து 2. அடியில் போன ஏழை விட்டுவிட்டால் அவர் டெக்கில் 20 கார்டு, அதில் அவரைக் கரை சேர்க்கக்கூடியவை 3 என்று வைத்துக்கொள்வோம்.

இந்த மாதிரிக் கணக்கில் 'கிடைக்குமா' என்று தேடுவதைவிட 'கிடைக்காமல் போகுமா' என்று கேட்பது சுலபம். முதல் கார்டு உதவாததாக இருக்க வாய்ப்பு 17/20. அதை எடுத்தாயிற்று, திரும்பி உள்ளே போகாது. ஆகவே இரண்டாவதற்கு 16/19. இரண்டையும் பெருக்கினால் 71.6%. அதாவது கையில் உறுதியாக இருந்த வெற்றி இப்போது 28.4% ஆகிவிட்டது. எடுத்தது திரும்பாத இந்தக் கணக்குக்கு ஹைப்பர்ஜியோமெட்ரிக் பரவல் என்று பெயர். பெயர்தான் பயமுறுத்தும், உள்ளே இருப்பது பின்னப் பெருக்கல்தான்.

இன்னொரு நுணுக்கம். அந்த இரண்டில் ஒன்று 'ப்ரொஃபசர்ஸ் ரிசர்ச்' என்றால் 7 கார்டு எடுக்கலாமே? எடுக்கலாம். ஆனால் அதுவும் பாஸஸ் ஆர்டர்ஸும் சப்போர்ட்டர் வகை, ஒரு முறைக்கு ஒரு சப்போர்ட்டர்தான் போட முடியும். ஏழில் பாஸஸ் ஆர்டர்ஸ் வந்தாலும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதே விதி எனக்கும் உண்டு: ஐயோனோ போட்ட முறையில் நான் வேறு சப்போர்ட்டரைத் தொட முடியாது. அதுதான் அதன் உண்மையான விலை.

சரி, இதே காட்சியில் எதிராளியின் பெஞ்சில் ஒரு பிட்ஜாட் ஈஎக்ஸ் இருந்தால்? அதன் 'குயிக் சர்ச்' திறன், முறைக்கு ஒருதரம் டெக்கிலிருந்து பிடித்த ஒரு கார்டைத் தேடி எடுக்க விடும். அடியில் போன பாஸஸ் ஆர்டர்ஸும் அதற்கு எட்டும். 28.4% மறுபடி 100% ஆகிவிடும். பிட்ஜாட்டை முதலில் வீழ்த்தாமல் ஐயோனோ போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். அதனால்தான் 'இந்தக் கார்டு நல்லதா' என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் வழக்கமாக யாரோடு ஆடுகிறீர்கள், அவர்கள் மேசையில் என்ன நிற்கும் என்பதைச் சொன்னால் பேசலாம்.

உங்கள் டெக்கின் குணமும் முக்கியம். ஓடிப்போய் முதல் ஆளாகப் பிரைஸ் எடுக்கும் டெக் என்றால், ஐயோனோ போடும் நேரத்தில் உங்களுக்கும் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். பின்தங்கியிருந்து எழும் டெக்குக்குத்தான் அது வரப்பிரசாதம். எப்போது போட்டாலும் ஆளுக்கு 4 என்று சமமாகக் கொடுக்கும் 'ஜட்ஜ்' வேறு ரகம், ஆட்டத்தின் முன்பாதியில் எதிராளி கையைக் குவித்து வைத்திருக்கும்போது அது கடிக்கும்.

இப்போது எத்தனை வைப்பது. ஆட்டத்தின் நடுவே 25 கார்டு பார்த்திருப்பீர்கள் என்று கொள்வோம். டெக்கில் ஒரே ஒரு ஐயோனோ இருந்தால் அது கண்ணில் பட்டிருக்க 41.7% வாய்ப்பு. இரண்டு வைத்தால் ஒன்றாவது வர 66.4%. மூன்றுக்கு 80.9%, நான்குக்கு 89.3%. முதல் கார்டு 42 புள்ளி கொடுத்தது, நான்காவது வெறும் 8. இன்னொரு பக்கம், ஒன்றே ஒன்று வைத்தால் பத்து ஆட்டத்தில் ஒன்றில் அது பிரைஸுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் (6/60). இரண்டு வைத்தால் இரண்டுமே அங்கே மாட்ட வாய்ப்பு 1%கூட இல்லை. ஐயோனோ மாதிரி ஒரு கார்டை வைப்பதென்றால் இரண்டு வையுங்கள் என்பது என் கட்சி. ஒற்றைக் கார்டை நம்பி ஆடித் தலையில் கைவைத்து உட்கார்ந்த அனுபவம் நிறைய.

டெக்கில் 61ஆவது இடம் கிடையாது என்பதுதான் சிக்கல். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே. ஒரு ஐயோனோவை நுழைக்க நான்காவது நெஸ்ட் பாலை (டெக்கிலிருந்து ஓர் அடிப்படைப் போக்கிமானைத் தேடிப் பெஞ்சில் இறக்கும் கார்டு) எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். நூறு ஆட்டத்தில் நாற்பதில்தான் ஐயோனோவுக்கு வேலை வரும். அந்த நாற்பதில் அது கையில் இருப்பது சுமார் 42%. இருக்கும்போது வெற்றி வாய்ப்பை 30 புள்ளி உயர்த்தும் என்றும் கொண்டால், 0.4 × 0.42 × 0.3, அதாவது நூறுக்கு ஐந்து ஆட்டம் லாபம். நெஸ்ட் பால் குறைந்ததால் தொடக்கமே தடுமாறி மூன்று ஆட்டம் போகலாம். மிச்சம் இரண்டு. இந்த எண்கள் என் ஊகம்தான், உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள். லாபம் எப்போதுமே இப்படிச் சில்லறையாகத்தான் வரும்.

அந்தச் சில்லறையை ஆடிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? இருபது ஆட்டத்தில் பன்னிரண்டு ஜெயித்தேன், கார்டு சூப்பர் என்பார்கள். இருபது ஆட்டத்தின் பிழை வரம்பு இருபுறமும் ஏறத்தாழ 22 புள்ளி. நானூறு ஆடினால்தான் அது 5 புள்ளிக்கு இறங்கும். போதாததற்கு நம் நினைவு வேறு ஒருதலைப்பட்சம். ஐயோனோ வாங்கிய எதிராளி ஒற்றை எனர்ஜியோடு திருதிருவென விழித்த ஆட்டம் வருஷக்கணக்கில் மறக்காது. அது கையிலேயே சும்மா கிடந்த ஆறு ஆட்டம் மறுநாளே மறந்துவிடும்.

அதனால் நான் வெற்றி தோல்வியை எண்ணுவதை விட்டுவிட்டேன். நண்பர்களோடு பயிற்சி ஆடும்போது சந்தேகத்துக்குரிய அந்தக் கார்டின் உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு: 'ஐயோனோ / நெஸ்ட் பால்'. அது கைக்கு வரும்போதெல்லாம், இந்த நொடியில் இரண்டில் எது வேண்டும் என்று கேட்டு, போடுவதற்கு முன்பே நோட்டில் ஒரு கோடு. ஓர் ஆட்டத்திலேயே இரண்டு கோடு விழலாம், இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்திலும் விழலாம்.